கோல்ட்ப்ளே கச்சேரியில் என் தறிக்கார அப்பா

கோல்ட்ப்ளேவை 'ராக் பேண்ட்' என்று சொன்னாலே சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் டெஸ்க்கிலேயே இரண்டு பேர் உண்டு. "அது பாப் மியூசிக். ராக் எல்லாம் மெட்டாலிகாவோட முடிஞ்சுபோச்சு" என்பார்கள். இருக்கட்டும். 1990-களின் கடைசியில் லண்டனில் ஒரே கல்லூரியில் படித்த கிறிஸ் மார்ட்டின், ஜானி பக்லேண்ட், கை பெர்ரிமேன், வில் சாம்பியன் என்ற நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த அந்த பேண்ட்தான், பன்னிரண்டு வயதிலிருந்து என்னுடைய பேண்ட். 2025 ஜனவரி 26-ம் தேதி அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் அவர்களை நேரில் பார்த்தேன். பக்கத்து சீட்டில் என் அப்பா. நாமக்கல் மாவட்டம் கொமாரபாளையத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். அவருக்கு இரண்டு காதுமே சரியாகக் கேட்காது.

இந்த ஜோடி எப்படி அமைந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு தறிப்பட்டறையை ஒட்டியே இருக்கிறது. விசைத்தறிச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். நாடாவை ஒரு கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு அடித்துத் தள்ளும். அங்கிருந்து இன்னொரு கட்டை திருப்பி அடிக்கும். ஒரு தறியில் நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இப்படி நடக்கும். இருபது தறி ஒன்றாக ஓடினால், பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்தில்தான் நான் ஹோம்வொர்க் எழுதினேன், தூங்கினேன். அதில் கேட்க முடியாத ஒன்றே ஒன்று, பாட்டு.

2012-ல் தமிழ்நாட்டில் கரன்ட் கட் உச்சத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரன்ட் இருக்காது. தறி ஓடாது, கூலி கிடையாது. அப்பா வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்து கரன்ட் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படித்த மாமா பையன் கொடுத்த மெமரி கார்டில் 'யெல்லோ', 'பாரடைஸ்' எல்லாம் இருந்தன. தறி நின்ற அந்த அமைதியில்தான், அம்மாவின் பட்டன் போனில் சார்ஜ் தீரும்வரை அவற்றைக் கேட்டேன். இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனால் அந்த கிடார் புரிந்தது. வீட்டில் காசு வராத நேரமெல்லாம் எனக்குப் பாட்டு வந்தது. அப்போது அதை அப்படி யோசிக்கவில்லை, வயது பன்னிரண்டுதானே.

இனி டிக்கெட் கதை. மும்பை கச்சேரிகளுக்கு 2024 செப்டம்பரில் விற்பனை தொடங்கியபோது 1.3 கோடி பேருக்கு மேல் முண்டியடித்ததாக விற்ற தளமே சொன்னது. அந்தக் கோடியில் நானும் ஒருத்தி. வரிசையில் என் எண் லட்சங்களில் இருந்தது, அதோடு சரி. நவம்பரில் அகமதாபாத் அறிவிப்பு வந்தது. மேல் அடுக்கில் 2,500 ரூபாய் டிக்கெட் இரண்டு கிடைத்தன. இரண்டும் சேர்ந்து அப்பாவின் ஒரு வாரக் கூலியைவிடக் கொஞ்சம் அதிகம். கூட வருவதாக இருந்த ரூம்மேட்டுக்கு ஜனவரியில் லீவு கிடைக்கவில்லை. போனில் புலம்பியபோது அம்மாதான் சொன்னார்.

"அப்பனக் கூட்டிட்டுப் போயேன். பவானி ஆத்தத் தாண்டி அவரு எங்க போயிருக்காரு?"

போனை வாங்கிய அப்பா முதலில் கேட்டது ஊரைத்தான். அகமதாபாத் என்று மூன்று தடவை கத்திச் சொன்னேன். "நம்ம காடா போற ஊராச்சே!" என்றார். எங்கள் பக்கம் நெய்கிற ரேயான் காடா துணி சாயம் ஏற்றவும் பிரின்ட் போடவும் வடக்கே குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போகும். பேல் கட்டி லாரி ஏற்றும்போது மேலே ஊர்ப்பெயர் எழுதுவார்கள். முப்பது வருஷமாக அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, ஊரைப் பார்க்காதவர் அவர். அடுத்து, விஷயம் என்னவென்று புரிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"காசையும் குடுத்து, காதையும் குடுக்கறதா கண்ணு?"

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் காதின் நிலைமை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஈரோட்டில் ஒரு காது டாக்டரிடம் ஆடியோகிராம் எடுத்தபோது, வரைபடத்தில் கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் குழிக்குள் விழுந்ததுபோல இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் அங்கேதான் விழுமாம். நம் உள்காதில் பிறக்கும்போது சுமார் 15,000 நுண்ணிய மயிர்செல்கள் இருக்கின்றன. இரைச்சலில் அவை செத்தால் மறுபடி முளைக்காது. தடிமனான சத்தங்கள் நெடுநாள் தப்பிக்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும். அதனால்தான் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டால் "யாரு, நானா கூப்பிட்டேன்?" என்பார். அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் தெரிவதில்லை. காதுக்கருவி வாங்கினோம். தறி ஓடும்போது அதைப் போட முடியாது. அதனால் அது பெரும்பாலும் பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

டாக்டரிடமே போன் செய்து கேட்டேன். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தணும்" என்றார். கருவியைக் கழற்றிவிட வேண்டும், நுரை அடைப்பான் போட வேண்டும், ஸ்பீக்கருக்குத் தள்ளி உட்கார வேண்டும், நடுவில் எழுந்து வெளியே போய்க் காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இதையே படித்துக்கொண்டிருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபல் என்றால் வாரத்துக்கே 20 நிமிடம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகும், காது தாங்கும் நேரம் பாதியாகும். கச்சேரி அரங்குகளுக்கென்று 2022-ல் அந்த நிறுவனம் ஒரு வரையறை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, கேட்கிறவர்களுக்குக் காது அடைப்பான் கிடைக்க வேண்டும், சத்தம் குறைந்த ஓய்விடம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். நம் நாட்டுச் சட்டத்திலும் இரைச்சலால் வரும் காது கேளாமை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால், ஓட்டுக் கூரைக்கு அடியில் பத்துத் தறி ஓடும் பட்டறைக்குள் அந்தச் சட்டப் புத்தகம் வந்து நான் பார்த்ததில்லை.

படித்ததில் ஒன்று என்னை நிறுத்தியது. கிறிஸ் மார்ட்டினுக்கே காதில் இரைச்சல் நோய் இருக்கிறது. டின்னிடஸ் என்பார்கள். வெளியே சத்தமே இல்லாதபோதும் காதுக்குள் 'ஙொய்' என்று ஒலிக்கும். இளம் வயதில் சத்தமாகப் பாட்டு கேட்டதால் வந்தது என்றும், காதுக்குப் பாதுகாப்பு அணிய ஆரம்பித்த பிறகு மோசமாகவில்லை என்றும் 2012-ல் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பறம் எதுக்கு அவரு இத்தன சத்தமாப் பாடறாரு?"

"தொழிலுங்கப்பா."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை வந்தவரை சென்ட்ரலிலேயே பிடித்து, காலையில் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். மறுநாள் சாயங்காலம்தான் இறங்க முடியும். வாரங்கல், புசாவல், சூரத் என்று ரயில் போனது. பாதிப் பெட்டி கோல்ட்ப்ளேவுக்குப் போகிற பிள்ளைகள். வேட்டி கட்டிய அப்பாவும் அங்கேதான் போகிறார் என்றதும் அவர்களுக்குத் தாங்கவில்லை. சூரத் வந்ததும் அப்பா கதவோரம் போய் நின்றுகொண்டார். ரயில் கிளம்பிய பிறகும் சீட்டுக்கு வரவில்லை.

26-ம் தேதி காலை அவர் கேட்ட ஒரே இடம் துணி மார்க்கெட். ராய்ப்பூர் கேட்டுக்கு வெளியே இருக்கும் நியூ கிளாத் மார்க்கெட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, குடியரசு தினம் வேறு. எல்லா ஷட்டரும் மூடிக் கிடந்தன. ஓரமாக இரண்டு பேல் கிடந்தது. அப்பா போய் மேலே எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தார். எழுத்து குஜராத்தி. ஓரத்தில் பிதுங்கியிருந்த துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நம்முளுது இல்ல" என்றார். டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

ஸ்டேடியம் மொட்டேராவில் இருக்கிறது. 1,32,000 பேர் உட்காரலாம், உலகத்திலேயே பெரிய கிரிக்கெட் மைதானம். மெட்ரோவில் இறங்கியதிலிருந்து கூட்டமே தள்ளிக்கொண்டு போனது. வாசலில் கையில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு பட்டை கொடுத்தார்கள். செடிகளிலிருந்து எடுத்த பொருளில் செய்தது, உள்ளே குட்டி விளக்கு. போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மேல் அடுக்கில் ஏறி உட்கார்ந்தபோது மேடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், 2,500 ரூபாய் டிக்கெட்டில் கிறிஸ் மார்ட்டினை ஸ்கிரீனில்தான் பார்க்க முடியும். ஆனால் காதுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் பாடிய ஜஸ்லீன் ராயலும் எலியானாவும் முடித்து இடைவெளி விட்டபோது அப்பாவுக்கு அடைப்பான் போட்டுவிட்டேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நுரையை விரல்களுக்கு நடுவே உருட்டி ஊசிபோல ஒல்லியாக்க வேண்டும். இன்னொரு கையால் காது மடலை மேல்பக்கம் இழுத்துப் பிடித்து உள்ளே நுழைத்து, அது விரியும்வரை விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். சும்மா நுனியில் சொருகினால் பிரயோஜனமில்லை. சரியாகப் போட்டால் சுமார் 20 டெசிபல் குறையும். நானும் போட்டுக்கொண்டேன். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் காதை முழுசாக மூடும் ஹெட்போன் மாதிரியான காப்பு வாங்கிவிடுவது நல்லது. குட்டிக் காதில் நுரை நிற்காது.

விளக்கு அணைந்தது. ஒரு லட்சம் மணிக்கட்டுகள் ஒரே நொடியில் எரிந்தன. அப்பா தன் கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கே சுவிட்ச் என்று.

'பாரடைஸ்' ஆரம்பித்ததும் பேஸ் வந்து நெஞ்சில் மோதியது. நான் அழுதுகொண்டிருந்தேன். அது கரன்ட் கட் பாட்டு. அப்பா என் கையைத் தட்டினார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, தலையை ஆட்டினார். அவருக்குக் கேட்கிறது! யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. அவர் காது இழந்தது மெல்லிய சத்தங்களை. கை பெர்ரிமேனின் பேஸ் கிடாரும் வில் சாம்பியனின் டிரம்மும் இருப்பது அந்தக் குழிக்கு இந்தப் பக்கம். காதுக்குக் குறைந்தது போக மிச்சம், உட்கார்ந்திருந்த சீட் வழியாகவும் எலும்பு வழியாகவும் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் இருந்த டெல்லிப் பசங்கள் காதோடு வாய் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா சாவகாசமாகக் கையாலேயே பேச ஆரம்பித்தார். தறிப்பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் தண்ணீர். மணிக்கட்டைத் தட்டினால் நேரமாச்சா. இரண்டு கையாலும் நூலை இழுத்து வெடுக்கென்று விட்டால், நூல் அறுந்துடுச்சு. சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் தறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று இப்படிச் சண்டையே போடுவார்கள். அந்த பாஷை எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. லட்சம் பேருக்கு நடுவில் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தது நாங்கள் இருவர்தான்.

'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' பாட்டைக் கிறிஸ் மார்ட்டின் நடுவில் நிறுத்துவார். போனை எல்லாம் பாக்கெட்டில் வையுங்கள், இந்த ஒரு பாட்டை மட்டும் போன் இல்லாமல் பார்ப்போம் என்பார். இந்தச் சுற்றுப்பயணத்தில் இது வழக்கம். ஆட்டம் சட்டென்று நின்றதும் அப்பா என் பக்கம் திரும்பி, நூலை இழுத்து விட்டார். நூல் அறுந்துடுச்சு! சிரிப்பை அடக்க முடியவில்லை. பாட்டு மறுபடி ஆரம்பித்ததும், 'பரவால்ல, முடிச்சு போட்டுட்டான்' என்பதுபோல் தலையாட்டினார்.

'சம்திங் ஜஸ்ட் லைக் திஸ்' பாட்டில் கிறிஸ் மார்ட்டின் பாடிக்கொண்டே சைகை மொழியில் கைகளை அசைத்தார். காது கேளாத ரசிகர்களுக்காக இந்தப் பயணத்தில் அவர் செய்வது அது. அப்பா ஸ்கிரீனையே பார்த்தார். அது என்னவென்று என் போனில் டைப் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி படிக்கக் கேட்டார்.

எல்லாமே அவருக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். 'தி சயின்டிஸ்ட்' பியானோவோடு மெதுவாக ஓடும் பாட்டு. சுற்றிலும் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் 'என்னாச்சு?' என்று கையை விரித்தார். அவருக்கு அங்கே பாட்டே இல்லை. அப்போதுதான் டாக்டர் சொன்ன ஓய்வு ஞாபகம் வந்து, இருவரும் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றோம். நான் அந்தப் பாட்டைச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் கேட்டேன்.

திரும்பி வந்தபோது கைப்பட்டைகள் வேறு நிறத்துக்கு மாறியிருந்தன. ஸ்கிரீனில் பும்ரா வந்ததும் அப்பா எழுந்தே விட்டார். கோல்ட்ப்ளே கச்சேரியில் அவருக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள்! குடியரசு தினம் என்பதால் கிறிஸ் மார்ட்டின், ஏ.ஆர்.ரஹ்மானின் 'மா துஜே சலாம்' பாட்டையும் எடுத்தார். 'தாய் மண்ணே வணக்கம்ப்பா' என்று டைப் செய்து காட்டினேன். "நம்ம ரகுமானா?" என்று அப்பா போட்ட சத்தத்தில் டெல்லிப் பசங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசிப் பக்கம் 'ஃபிக்ஸ் யூ'. 2005-ல் வந்தது. முன்னாள் மனைவி க்வினெத் பேல்ட்ரோ தன் அப்பாவை இழந்து துடித்தபோது, அவருக்காகக் கிறிஸ் மார்ட்டின் எழுதியது. இறப்பதற்கு முன் அந்த மாமனார் வாங்கி வைத்து, யாரும் தொடாமல் கிடந்த ஒரு கீபோர்டின் ஒலிதான் அந்தப் பாட்டுக்குத் தூண்டுதலாக இருந்ததாம். மெதுவாக ஆரம்பித்து, பாதிக்கு மேல் கிடாரும் டிரம்மும் உள்ளே வந்து விழும். அந்த முதல் பாதியில் நான் அப்பாவைப் பார்க்கவில்லை. டிரம் வந்ததும், மடியில் இருந்த அவர் கை தாளம் போட ஆரம்பித்ததை மட்டும் பார்த்தேன்.

வெளியே வரும்போது கைப்பட்டையை எண்ணி ஒப்படைப்பதுபோல் பெட்டியில் போட்டார். நள்ளிரவு நெருங்கியும் மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே வந்தோம். அடைப்பானைக் கழற்றிக் கருவியை மாட்டிய பிறகு அப்பாவாகவே பேசினார்.

"பட்டறையில ஒவ்வொரு தறியும் ஒவ்வொரு பக்கம் ஓடும். அதான் எரைச்சல். நூறு தறியும் ஒரே தாளத்துல ஓடுனா எப்படி இருக்கும்னு நெனச்சிருக்கேன். இன்னைக்குப் பாத்தாச்சு."

அந்தக் கச்சேரி ஹாட்ஸ்டாரில் நேரலையாக ஓடியது. அம்மா கொமாரபாளையத்தில் முழுசாகப் பார்த்திருக்கிறார். "நானும் பாத்துட்டே இருந்தேன், உங்க ரெண்டு பேரையும் காமிக்கவே இல்ல" என்று போனில் குறை.

பிப்ரவரி கடைசியில் ஈரோட்டில் மறுபடி ஆடியோகிராம் எடுத்தோம். கோடு முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு ராத்திரி கச்சேரி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோட்டை இறக்கியது எது என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மெடிக்கலில் நுரை அடைப்பான் பத்து ஜோடி வாங்கினேன். ஒரு ஜோடி ஒரு டீக்காசுதான். அப்பா பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "கச்சேரிக்குப் போயிட்டு வந்து பவுசு காட்டறாரு" என்று சிரித்தார்களாம். தறியில் கோளாறு வந்தால் சத்தம் மாறும், அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் பயம். அப்பா முதல் வாரம் ஒரு காதில் மட்டும் போட்டுப் பார்த்தார். கோளாறுச் சத்தம் தெரிகிறது என்றதும் இரண்டு காதிலும். இப்போது நைட் ஷிப்டில் மூன்று பேர் போடுகிறார்கள்.

அதே பட்டறையில் தார் சுற்றுகிற அம்மா இன்னும் போடவில்லை. பக்கத்தில் இருக்கிற அக்காவோடு பேச முடியாதாம்.

"அங்க எல்லாருமே கையிலதானம்மா பேசறீங்க?" என்றேன்.

"அது வேற பேச்சு, இது வேற பேச்சு" என்று போனை வைத்துவிட்டார்.